கொண்டல்சாமி படுத்திருந்த தரை

மேலக்கரட்டில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். முப்பது மைல் தள்ளி ஓடும் ஆற்றிலிருந்து குழாய் வழியாக வந்து, ஊர் எல்லையில் நிற்கும் சிமெண்டுத் தொட்டியில் ஏறி, கொண்டல்சாமி என்கிறவர் தோளுயர இரும்புச் சாவியைத் தெருமுனைக் குழிகளில் இறக்கித் திருகத் திருக, அது ஒவ்வொரு தெருவாகப் போகும். அவர் பேரூராட்சியில் வால்வு திறக்கிறவர். மழை மறந்துபோன அந்த ஊரில் எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்பது அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே தெரியும். யார் வீட்டுக் குழாய் எந்த மாதம் அடைத்தது, யார் ஒரு குடம் கூடப் பிடித்தார்கள் என்பதெல்லாம் தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளைப் போல அவர்கள் மனதில் இருந்தது. ஊர் அப்படிக் காய்ந்து கிடந்ததால்தான் தீப்பெட்டி ஆபீசுகள் அங்கே வந்தன; வீட்டுக்கு வீடு பெண்கள் மரச்சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள், அந்த வறட்சியில்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு மட்டும் இரண்டு வருஷமாகத் தண்ணீர் இல்லை. ஒரு லாரி ஏறி அதன் குழாய் உடைந்தது. சரிசெய்யக் கேட்டு எழுதிய கடிதம் எங்கேயோ போய்த் தங்கிவிட்டது. கொண்டல்சாமிதான் அந்த வால்வை மூடி, மேலே சிமெண்டு பூசினார். அன்றிலிருந்து ஸ்டேஷன் குளியலறையில் உடைந்த நாற்காலிகளையும் பிடிபட்ட சைக்கிள்களையும் அடுக்கிவைத்தார்கள். காவலர்கள் எதிரே இருந்த பெட்ரோல் பங்குக்குப் போய்வந்தார்கள். குடிக்கிற தண்ணீர், காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த டீக்கடையிலிருந்து காலையில் இரண்டு குடம், மதியம் ஒரு குடம் போனது.

டீக்கடை பால்வண்ணத்துடையது. அவர் ஸ்டேஷனுக்கு இன்னொன்றும் கொடுத்துவந்தார். எந்த வழக்கானாலும், இடத்தை நேரில் பார்த்ததாக எழுதும் மகஜரில் உள்ளூர்ச் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டு தவசிலிங்கம் வெள்ளைத்தாளின் அடிப்பகுதியை மட்டும் தெரியும்படி மடித்துக்கொண்டுவருவார். பால்வண்ணம் சீனி டப்பாவின் மூடிமேல் அதை வைத்து, தூணில் நூல்கட்டித் தொங்கிய பேனாவால் கையெழுத்துப் போடுவார். மேலே எழுதவேண்டியதைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். பதினேழு வருஷம் அப்படித்தான் நடந்தது. சுவரில் சாய்ந்த கடைக்கு அதுவே வாடகை என்று அவர் நினைத்திருந்தார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் கொண்டல்சாமியை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். பேரூராட்சி மோட்டார் ஒன்று காணாமல்போனதாகப் புகார். ஆனால் ஊருக்குத் தெரிந்தது வேறு. புறவழிச்சாலையில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தவர், தெருக்களுக்குத் திறப்பதற்கு முன்னால் தன் கட்டடத்துக்குத் திறந்துவிடச் சொன்னார். லாட்ஜ்காரருக்கு இன்ஸ்பெக்டர் வேண்டியவர். கொண்டல்சாமி, "முறை வரட்டும், தொறக்கேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

ஸ்டேஷன் படி ஏறும்போது அவர் டீக்கடைப் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஒரு டீ போட்டு ஆறாம மூடிவைங்க. கேக்கதுக்குப் பதில் சொல்லிட்டு வந்திருதேன்."

பால்வண்ணம் டீ போட்டு, கிளாசின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்தார். மாலை நாலு பத்துக்கு ஸ்டேஷனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அரைமணி கழித்து மடித்த தாள் வந்தது. தட்டு கவிழ்த்த கிளாஸ் பக்கத்திலேயே இருக்க, அவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பேப்பரில் வந்ததை ஊரே படித்தது. குளியலறைத் தரை நீர் தேங்கி வழுக்கும் நிலையில் இருந்ததாகவும், அன்னார் கால் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்ததாகவும், அதை உள்ளூர்ச் சாட்சி நேரில் பார்த்து ஒப்பமிட்டதாகவும் போட்டிருந்தது. ஊரே படித்தது, ஊருக்கே தெரியும், ஊரே பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் மேலக்கரட்டின் தரைகள் எல்லாம் ஈரமாக இருந்தன.

வீட்டுத் தரை, கடைத் தரை, பள்ளிக்கூடத் தரை, கோயில் பிரகாரம், தார் ரோடு, தீப்பெட்டி ஆபீஸ் கூடம் என்று ஒன்று மிச்சமில்லாமல், நகக்கனத்துக்கு ஒரு நீர்ப்படலம், சோப்பும் பினாயிலும் கலந்த வாடையோடு நின்றது. துடைத்தால் துணி நனையவில்லை, வழித்துக் குடத்தில் விட்டால் குடத்துக்குள் ஒன்றுமில்லை, வெயில் ஏறினாலும் அது குறையவில்லை. அதன்மேல் கால்வைத்தால் வழுக்கியது. முதல் நாள் பதினோரு பேர் விழுந்தார்கள். இரண்டாம் நாள் தெருவுக்குத் தெரு தேங்காய்நார்க் கயிறு கட்டினார்கள். மூன்றாம் நாள் செருப்புக் கடையில் லாரி டயரில் செருப்பு வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள், பஸ் கண்டக்டர் "மேலக்கரடு எறங்குறவங்க கம்பிய விடாதீங்க" என்று கூவப் பழகிக்கொண்டார். பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். வாசலில் உட்கார்ந்து தள்ளினால் தெருமுனையில் போய் நின்றார்கள்.

நீர்வளப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நிலத்தடி நீர் உயர்ந்திருப்பதாக அறிக்கை எழுதினார். அதைப் பேரூராட்சிப் பலகையில் ஒட்டிய அன்று படலம் இரண்டு நகக்கனம் ஆனது. அதற்குப் பிறகு அறிக்கை எழுத யாரும் வரவில்லை.

ஈரத்தைவிட, ஈரமில்லாத இடத்தைப் பற்றித்தான் ஊர் தாழ்ந்த குரலில் பேசியது. ஒவ்வொரு வீட்டிலும், ஒரு மூலையில், தரை கொஞ்சம் உலர்ந்திருந்தது. ஒருவர் ஒருக்களித்துப் படுத்தால் எவ்வளவு இடம் எடுப்பாரோ அவ்வளவு. தலை, தோள், மடங்கிய முழங்கால், பாதம் எல்லாம் தெரிந்தன. நீர் அந்த ஓரம்வரை வந்து நின்றது, உள்ளே ஏறவில்லை. யார் அது என்று யாரும் கேட்கவில்லை. முதலில் அதன்மேல் கட்டிலை இழுத்துப் போட்டு மறைத்தார்கள், பிறகு அதைச் சுற்றி நடந்தார்கள், பிறகு மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார்கள். ஏனென்றால் குச்சி நமத்துப் போய்க்கொண்டிருந்தது. அடுக்கிய சட்டத்தை எங்கே வைத்தாலும் மருந்து இளகியது, அந்த இடத்தில் வைத்தால் மட்டும் காய்ந்தது. ஒருத்தி வைத்தாள், அடுத்தவள் பார்த்தாள், பத்து நாளில் மேலக்கரட்டில் எல்லா வீட்டிலும் கொண்டல்சாமியின் நெஞ்சின்மேலும் தொடைமேலும் தீக்குச்சிச் சட்டங்கள் அடுக்கடுக்காக உயர்ந்து நின்றன.

அந்த இடம் இல்லாத வீடு ஒன்றே ஒன்று. கொண்டல்சாமியின் மனைவி வெயிலுகந்தாளின் வீட்டில் தரை முழுக்க ஈரமாக இருந்தது. அவள் மூலை மூலையாகக் குனிந்து பார்த்தாள், பானைகளை நகர்த்திப் பார்த்தாள், அவருடைய இரும்புச் சாவி சாய்த்திருந்த சுவரோரம் பார்த்தாள். ஒரு விரல் அகலம்கூட உலர்ந்த இடம் இல்லை. அவர் படத்துக்கு விளக்கேற்ற அவள் தினமும் ஒரு தீப்பெட்டியைக் காலி செய்தாள். ஒரு குச்சியும் பற்றவில்லை.

அடுத்த வீட்டுப் பூரணம்தான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு ஊர்ல இல்ல, அண்ணன்தான் காவலுக்குப் படுத்திருக்காக."

வெயிலுகந்தாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள். மூலையில் சட்டங்கள் இடுப்புயரத்துக்கு நின்றன.

"கோவிச்சுக்காத மதினி," என்றாள் பூரணம். "உசிரோட இருக்கையில தண்ணி குடுத்தாரு. இப்ப காஞ்ச இடம் குடுக்காரு. நாங்க என்ன செய்ய, அடுப்பு எரியணும்லா."

"நான் ஒண்ணுஞ் சொல்லல. கொஞ்சம் எறக்குதேன், பாத்துட்டுத் திரும்ப அடுக்கிருதேன்."

அவள் ஒவ்வொரு சட்டமாக இறக்கினாள். கால் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, தோள் தெரிந்தது. வெகுநேரம் கை தெரியவில்லை. கடைசிச் சட்டத்தை எடுத்ததும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய், மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்ந்து கிடந்தன.

"பூரணம், வழுக்கி விழுறவன் கைய எங்கடி ஊனுவான்?"

பூரணம் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். அவளும் அந்த வாரம் மூன்று முறை வழுக்கி விழுந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

கொண்டல்சாமியின் உடலைக் குளிப்பாட்டும்போது மணிக்கட்டுகளில் கறுப்பு வளையம் இருந்ததை வெயிலுகந்தாள் பார்த்திருந்தாள், சொல்லியுமிருந்தாள். விழுந்ததில் பட்டது என்று பதில் கிடைத்தது. இப்போது அவள் வீடு வீடாகப் போனாள். யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சட்டங்களை இறக்கி, பார்த்து, அந்த உலர்ந்த முகத்தின் பக்கத்தில் ஈரத்தில் கொஞ்சநேரம் படுத்திருந்துவிட்டு, எழுந்து, சட்டங்களைப் பழையபடி அடுக்கிவிட்டுப் போனாள்.

முப்பத்தெட்டாம் நாள் விசாரணைக்கு மாஜிஸ்திரேட் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பயணியர் மாளிகைக்குள் போனவர், கூடத்து மூலையில் உலர்ந்து கிடந்ததைப் பார்த்தார். அதன்மேல் நாற்காலி போட வந்த சேவகரைத் தடுத்தார். ஒரு டேப் கொண்டுவரச் சொல்லி, குனிந்து தானே அளந்து, நோட்டில் எழுதினார்: நீளம் ஐந்தடி நான்கு அங்குலம், கைகள் முதுகுக்குப் பின்னால்.

வெயிலுகந்தாள் வந்து நின்றதும் அவர் நோட்டை மூடினார்.

"நானும் பார்த்தேம்மா. ஆனா தரையைச் சாட்சியாச் சேர்க்கச் சட்டத்துல இடமில்லை. தரை ஈரமா இருந்துச்சுன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கார். இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு ஸ்டேஷனைப் பார்த்துட்டு முடிச்சிருவேன்."

அவள் நேராக டீக்கடைக்குப் போனாள்.

பால்வண்ணத்தின் கடையிலும் அந்த இடம் இருந்தது. பாய்லருக்கு முன்னால், அவர் நின்று டீ ஆற்றுகிற இடத்தில். உலர்ந்த இடத்தில் நின்றால் வழுக்காது, ஆனால் அவர் அதில் கால் வைக்கவில்லை. முப்பத்தெட்டு நாளும் ஓரமாக ஈரத்தில் நின்றுகொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மட்டும் டீ போட்டார். ஒற்றைக் கையால் ஆற்ற முடியாது. எல்லோரும் ஆற்றாத டீயைக் குடித்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை.

"அண்ணாச்சி, அந்தக் குளியலறைக்குத் தண்ணி வருமா?"

அவர் பாலைப் பார்த்தார். "நீ போ தாயி."

"உங்க வாயால கேக்கணும். வருமா, வராதா?"

"நான் போட்டப்ப தாள்ல ஒண்ணுமே இல்ல தாயி. வெறுந்தாளு."

"அதத்தான் அங்க வந்து சொல்லச் சொல்லுதேன்."

அவள் போனதும், சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஏட்டு தவசிலிங்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வே பால்வண்ணம், பதினேழு வருசத்துல எத்தன மகஜர்ல உம்ம கையெழுத்து இருக்கு?"

"எண்ணிப் பாக்கல ஏட்டய்யா."

"இது ஒண்ணு வெறுந்தாள்னு சொல்லும். மத்ததுலாம் என்ன தாளுன்னு கேப்பாங்கல்லா? ஜெயில்ல கெடக்கவன் பொண்டாட்டி ஒவ்வொருத்தியும் உம்ம கடைல வந்து நிப்பா. கடையும் எங்க சொவத்துலதான் நிக்கி, பாத்துக்கிடும்." எழுந்துபோகும்போது தோளைத் தட்டினார். "நாளக்கிக் காலையில ஆறு குடம் வேணும். மறந்துராதிரும்."

மறுநாள் பால்வண்ணம் குடங்களைச் சுமந்துபோனார். எப்போதும் முன்கூடத்துத் தொட்டியில்தான் ஊற்றுவார். அன்று பின்னால் கூட்டிப்போனார்கள். குளியலறையிலிருந்த நாற்காலிகளையும் சைக்கிள்களையும் எடுத்திருந்தார்கள். ஊர் முழுக்க ஈரமாயிருக்க, அந்தத் தரை மட்டும் வெளுத்து, புழுதி படிந்து, சுடுகாட்டுச் சாம்பல் மாதிரி காய்ந்திருந்தது.

"ஊத்தும்," என்றார் தவசிலிங்கம்.

அவர் ஊற்றினார். காய்ந்த தோசைக்கல்லில் விட்டதுபோலச் சொய்ங் என்று ஒரு சத்தம், தண்ணீர் இல்லை. இரண்டாவது குடம் ஊற்றினார். இல்லை. ஆறு குடம், கொண்டல்சாமி முறைவைத்துக் கொடுத்ததில் ஒரு வீடு இரண்டு நாள் புழங்குகிற தண்ணீர், அந்தத் தரையில் ஒரு சொட்டு ஈரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. சுவரோரம் நின்ற இரண்டு காவலர்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"இன்னும் கொண்டாரும் வே," என்றார் தவசிலிங்கம். "மூணு மணிக்குள்ள நனையணும். கொண்டாரும்."

பால்வண்ணம் காலிக் குடத்தை அந்தத் தரையில் வைத்தார். "வராது ஏட்டய்யா," என்றார். "இங்க தண்ணி வராது. எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கை மாற்றி ஒரு கையாக, அவர் பயணியர் மாளிகைவரை நடந்தார். தெருவில் நின்றவர்கள் கயிற்றை விட்டு விலகி அவருக்கு வழி கொடுத்தார்கள்.

மாஜிஸ்திரேட் மகஜரை அவர் முன் வைத்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"மேல எழுதியிருக்கிறதைப் படிச்சீங்களா?"

"நான் போடுறப்ப மேல ஒண்ணும் எழுதலம்மா. நான் அந்த ரூமைப் பாக்கவும் இல்ல. அந்த ரூம் குழாய்ல ரெண்டு வருசமாத் தண்ணி கெடையாது. ஸ்டேஷனுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கிறவன் நாந்தான். அன்னிக்கு வந்த மூணு குடத்தையும் முன்கூடத்துத் தொட்டியிலதான் ஊத்துனேன்." மகஜரின் அடியில் விரலை வைத்தார். "அந்தக் குழாய மூடுனதே செத்துப்போனவருதாம்மா. காலையில உள்ள போறப்ப டீய ஆறாம வைக்கச் சொன்னாரு. மூடி வச்சிருந்தேன். அது பக்கத்துல வச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். பால்வண்ணத்தின் காலடியில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, தரை உலர்ந்திருந்தது.

அந்தத் தட்டளவுக்கு மேல் அது பரவவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற கூட்டம் அதைப் பார்த்தது. மற்ற இடமெல்லாம் ஏன் காயவில்லை என்று யோசித்தது. யோசிக்க அதிகநேரம் ஆகவில்லை. அந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பது மேலக்கரட்டில் யாருக்குத்தான் தெரியாது? முதலில் உள்ளே வந்தவள் பூரணம். "எனக்கும் தெரியும்மா, எழுதிக்கிடுங்க," என்றாள். அவள் காலடி காய்ந்தது. அடுத்துப் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர் வந்து, காவலர்கள் இரண்டு வருஷமாக எங்கே ஒதுங்கினார்கள் என்று சொன்னார். பிறகு வாத்தியார், செருப்புக் கடைக்காரர், கோயில் பூசாரி, ஆபீஸ் கணக்குப்பிள்ளை, சட்டம் அடுக்குகிற பெண்கள் என்று கயிற்றைப் பிடித்தபடியே தெருக்கோடிவரை வரிசை நின்றது. ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுத் தரை காய்ந்திருந்தது. காய்ந்த தரையில் உலர்ந்த இடம் எது, மற்ற இடம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பல வீடுகளில் சட்டங்களை அவசரமாக வேறு மூலைக்கு மாற்றினார்கள். இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தோம் என்பதை அப்போதுதான் தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள். எழுதி முடிக்க மூன்று நாளும் இரண்டு குமாஸ்தாக்களும் தேவைப்பட்டன.

ஸ்டேஷன் குளியலறையை மாஜிஸ்திரேட் கடைசியாகப் பார்த்தார். காய்ந்து வெளுத்த தரையின் நடுவில், ஒருக்களித்து, கைகள் பின்னால் சேர்ந்து, ஒரு ஆள் அளவுக்கு ஈரம் இருந்தது. அவர் அதையும் அளந்தார். ஐந்தடி நான்கு அங்குலம். கதவைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். அரக்குக்குக் கீழே, கதவிடுக்கில், இன்றுவரை அந்த ஈரம் மினுங்குவதாகச் சொல்கிறார்கள். இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் ஏட்டும் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள், வழக்கு நடக்கிறது, இன்ஸ்பெக்டர் குடியிருக்கிற வெளியூர் வீட்டில் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்ததாக லாரி டிரைவர் ஒருவர் சொன்னார்.

வரிசை முடிந்த மறுநாள் காலையில், ஆக்கிரமிப்பு என்று சொல்லி பால்வண்ணத்தின் கடையைப் பிரித்துப் போட்டார்கள். அவர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அங்கே இரண்டு கையாலும் டீ ஆற்றினார். முதல் வாரமே யாரோ ஒரு பெண், ஜெயிலில் இருக்கும் புருஷனுடைய வழக்குத் தாளின் நகலோடு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தவசிலிங்கம் சொன்னது சரிதான். அவர் அவளுக்கு ஒரு டீயைக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கினார்.

வெயிலுகந்தாள் வீட்டுத் தரை மட்டும் மூன்று நாளும் காயாமல் இருந்தது. அவள் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிதாகச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. நான்காம் நாள் மத்தியானம், தண்ணீர் திறக்க வேண்டிய நாள். புது ஆள் இன்னும் போடவில்லை; இதுவரை தெருவுக்கு ஒருவர் சாவியை வாங்கிப்போய்த் திறந்தார்கள், அன்று அவளே அதைத் தோளில் வைத்துக்கொண்டு போய், தெரு தெருவாகத் திறந்துவிட்டு வந்தாள். வந்து கதவைத் தள்ளினால், நடுக்கூடத்தில், இரண்டு நகக்கனத்து ஈரத்துக்கு நடுவே, ஒரு இடம் உலர்ந்திருந்தது. மல்லாந்து, காலை நீட்டி, ஒரு கையைத் தலைக்கு அணையாக மடித்து, மறுகையை அகலமாக விரித்து, எல்லாத் தெருவுக்கும் திறந்துவிட்டு வந்த மத்தியானங்களில் அவர் எப்படிப் படுப்பாரோ அப்படி.

அவள் சாவியைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்தாள். விரித்த கையின் உள்ளங்கை இருக்கிற இடத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஓரத்திலிருந்து ஈரம் விலக ஆரம்பித்தது. வாசல் காய்ந்தது, அடுப்படி காய்ந்தது, படத்துக்குக் கீழே காய்ந்தது, கடைசியில் அந்த உருவத்தைச் சுற்றி ஒரு நூலளவு ஈரம் மட்டும் கோடாக நின்றது. அதுவும் போவதற்குள் அவள் பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினாள்.

பற்றிக்கொண்டது.